முன்னால் போன போர்வை

பாலத்தடியில் குடியிருக்கிறவர்களுக்குக் கதவு கிடையாது. கதவில்லாத வீட்டுக்கு ஆள்தான் கதவு. மங்காவுங் நகரத்து ரயில் பாலத்துக்குக் கீழே எத்தனை பானை கொதிக்கிறதோ அத்தனை குடும்பம் என்பது கணக்கு. ஒவ்வொரு பானைக்கும் ஒருவர் பகலெல்லாம் மூட்டைகளோடு காவல் உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணசந்தால் போயிற்று. போர்வை போகும், சட்டி போகும், அடையாள அட்டை போகும். நகராட்சி லாரி வந்துவிட்டால் எல்லாம் ஒன்றாகப் போகும். வீடு இல்லாதவர்களால்தான் வீட்டை விட்டு வெளியே போக முடியாது என்பதைத் தினேயோ இந்த வேலைக்கு வந்த பிறகே தெரிந்துகொண்டாள்.

அவளுடைய வேலைக்கு அலுவலகத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. பாலத்தடியில் அவளை ஊசி என்றார்கள். மேட்டு சர்ச் சமையலறையில் ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்தார்கள். மரக்கடைக் கொட்டகையில் டைல்ஸ் பதிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மதியம் சூப் ஊற்றுகிறவர்கள் வேறு. வெள்ளிக்கிழமை தோறும் நெஞ்சு நோய்க்காரர்களைப் பார்க்கிற ஆஸ்பத்திரி வேறு. இதில் ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் பேசிக்கொள்ள மாட்டார்கள். இவர்களையெல்லாம் ஒன்றோடொன்று தைக்கிறதுதான் அவள் பிழைப்பு. இந்தப் பக்கம் தைத்தால் அந்தப் பக்கம் பிரியும்.

அந்தக் குளிர்காலத்தில் நூல் பிரிந்த இடம் மலேஃபு. ரொட்டி வகுப்பில் அவளை அடிக்க ஆளில்லை. ஆனால் புருஷன் கோட்சோவுக்கு முடியாமல் போகிற நாளெல்லாம் அவள் காவலுக்கு உட்கார்ந்தாக வேண்டும், வகுப்பு போய்விடும். வருகிற வெள்ளிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஒருவர் வந்து, ஆளாளுக்குச் சுட்டதைத் தின்று பார்த்து, தன் கடை ரொட்டிப் பிரிவுக்கு ஆள் பொறுக்கப் போகிறார். அன்றைக்கு வராதவளுக்கு வேலை இல்லை என்று சர்ச் அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். அதே வெள்ளிக்கிழமைதான் கோட்சோவுக்கு ஆஸ்பத்திரி. அதே பானையில் சாப்பிடுகிற தெல்லோவும் அவன் பெரியப்பா மக்கள் இருவரும் டைல்ஸ் வகுப்புக்குப் போகிறவர்கள், அவர்களுக்கும் அதே கறார்.

"ஊசி வந்துட்டா," என்றார் கோட்சோ. "இன்னிக்கு எதைத் தைக்கப் போறாளோ."

எண்ணெய் டின்னைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். வெல்கம் ஊர்ப் பக்கத்துத் தங்கச் சுரங்கத்தில் இளமை முழுக்கக் கல் உடைத்த மனிதர். கல்லை அவர் உடைத்தார், கல் அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சுரங்கக் குடியிருப்பை மூடியபோது புருஷனும் பெண்டாட்டியும் மூட்டையோடு இங்கே வந்து சேர்ந்தார்கள். மூட்டையில் உருப்படியான பொருள் ஒன்றே ஒன்று, இப்போது அவர் தோளில் கிடந்த கம்பளிப் போர்வை. மரூன் நிறம், சோளக்கதிர் போட்டது, கலியாணத்தன்று மலேஃபுவின் அப்பா போர்த்திவிட்டது. அதன் கோடுகள் மேலிருந்து கீழாக விழும்படிதான் போர்த்துவார். கோடு குறுக்கே போனால் மனுஷனுடைய வளர்ச்சி நின்றுவிடும். "எனக்கு இனிமே என்ன வளரப் போகுது, இருமலைத் தவிர," என்பார். சொல்லிக்கொண்டே கோட்டை நேராக இழுத்துவிடுவார்.

"ந்தாதே, ஒரு அறை கிடைச்சிருக்கு," என்றாள் தினேயோ. ஊரில் பெரிய மனிதர் எவரையும் அப்படித்தான் கூப்பிடுவது, அப்பா என்று.

"யாருக்கு?"

"மூட்டைக்கு. காலையில வச்சுப் பூட்டிட்டுப் போகலாம், சாயங்காலம் எடுத்துக்கலாம். காவலே வேண்டாம். எல்லாரும் வகுப்புக்குப் போகலாம்."

"மனுஷனுக்குக் கிடைக்காத அறை மூட்டைக்குக் கிடைச்சிருக்கு. மூட்டை கொடுத்து வச்சது. எங்க?"

தினேயோ கொஞ்சம் இழுத்தாள். "பகிசி ஐயா கடைக்குப் பின்னாடி. பழைய சாமான் அறை."

மலேஃபு களி கிண்டுவதை நிறுத்தினாள். பல் குத்திக்கொண்டிருந்த தெல்லோ வாயிலிருந்து குச்சியை எடுத்தான்.

"சவப்பெட்டிக் கடையிலயா?" என்றான்.

"அறைதான் அவரோடது. பெட்டியெல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போயிடுச்சு. வாடகை வேண்டாம்னுட்டார். ஊர்ல வேற யார் கொடுக்கறாங்க? கேட்டுக் கேட்டுக் கால் தேஞ்சு போச்சு எனக்கு."

"நல்ல மனுஷன்தான் பகிசி," என்றார் கோட்சோ. "ஊரே அழும்போது உக்காந்து சம்பாதிக்கிறவன், தானம் பண்ணத்தான் வேணும். மவளே, நீ எந்த ஊர்ல பொறந்தே?"

"லேடிபிராண்ட்."

"அங்க ஆளுங்க சாகறதில்லையோ?"

"என்ன ந்தாதே பேச்சு இது."

"கேக்கறதுக்குச் சொல்லு. ஆள் செத்துப்போய் பகிசி மாதிரி ஒருத்தன் தூக்கிட்டுப் போயிட்டான். அப்புறம் வீட்டுக்காரங்க என்னத்தைக் கையில எடுத்துக்கிட்டு அவன் கடைக்குப் போவாங்க?"

தினேயோவுக்குத் தெரியும். அவளுடைய அப்பாவைப் பெட்டிக்குள் போர்த்த அவளேதான் எடுத்துப் போனாள். "போர்வையை," என்றாள்.

"முதல்ல யார் போவா? ஆளா, போர்வையா?"

"ஆள்."

"ஆள் போன பின்னாடி போர்வை போகும். எங்க அப்பனுக்கு அப்படித்தான், அவனோட அப்பனுக்கும் அப்படித்தான். நீ என்னடான்னா போர்வையை முன்னாடி அனுப்பச் சொல்றே. அது அங்க போய்ப் படுத்துக்கிட்டு, எங்கடா என் ஆளைக் காணோம்னு கேக்காதா?"

தெல்லோ சிரித்துவிட்டான். "போன மாசம் விளக்குக் கம்பத்துல ஆந்தை உக்காந்துச்சுன்னு என்னைச் சாகச் சொன்னாரு. நானும் காத்திருந்து பார்த்தேன். பல்வலிதான் வந்துச்சு."

"ஆந்தைக்கு என்னடா அவசரம்," என்றார் கோட்சோ.

சிரிக்காமல் என்ன செய்வது? கோட்சோவின் சகுனத்துக்கு ஓர் அளவே கிடையாது. சர்ச் அடுப்பு முதல் நாள் புகைந்தபோது அது வெடிக்கும் என்றார். ஒரு கால் இல்லாத நாய் பாலத்தைக் கடந்தபோது பாலம் இடியும் என்றார். அடுப்பும் பாலமும் நன்றாகத்தான் இருந்தன, நாயும்கூட நன்றாகத்தான் இருந்தது. ஆகவே தினேயோவும் சிரித்தாள், ஆனால் சிரிப்பு முழுசாக வரவில்லை. அறை கிடைத்த சந்தோஷத்தில் இதை அவள் யோசிக்கவே இல்லை. யோசித்திருக்க வேண்டியவள், பசோத்தோ இனத்து வீட்டில் பிறந்தவள்.

மலேஃபு களிச்சட்டியை இறக்கி வைத்தாள். "அறையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். வெள்ளிக்கிழமை நான் காவலிருக்கேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். ரொட்டி எங்க போயிடப் போகுது?"

மேலே சரக்கு ரயில் ஒன்று நெடுநேரம் போனது. போய் முடிந்த பிறகும் கோட்சோ பெண்டாட்டியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையில் களியோடு சேர்ந்து காலையில் பிசைந்த மாவும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"வைக்கிறேன்," என்றார். "ஆனா என் கையாலதான் வைப்பேன். வேற யாரும் தூக்கிட்டுப் போகக் கூடாது."

மறுநாள் காலை ஐவரும் மூட்டையோடு பகிசி கடைக்குப் பின்பக்கம் வந்தார்கள். அங்கே சாவிக்குப் பொறுப்பு மொசியா, சவ வண்டி ஓட்டுகிறவன். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, பஞ்சு மாதிரிக் குரல். அழுகிறவர்களோடே பழகிய குரல் அது, வேறு மாதிரிப் பேச அவனுக்கு வராது.

"வாங்க, வாங்க. மெதுவா வாங்க. அவசரமே இல்லை," என்று கதவைத் திறந்துவிட்டான்.

அறையைப் பெருக்கிக் கழுவி வைத்திருந்தான். சுவரோரம் அகலமான மரத் தட்டுகள், ஆளுக்கு ஒன்று. வார்னிஷ் வாசனையும் அதற்கு அடியில் மருந்து வாசனையும் இருந்தன. மூட்டை மாறிப் போகாமல் இருக்க மொசியா ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒரு பழுப்பு அட்டையைக் கயிற்றால் கட்டினான். கயிறு கட்டுகிற கை பழகிய கை, முடிச்சு ஒரே சுண்டலில் விழுந்தது.

தன் கையால்தான் வைப்பேன் என்ற கோட்சோ, போர்வையைத் தோளிலிருந்து எடுத்து வைக்க மனசில்லாமல் நின்றார். தினேயோ வாங்கி மடித்துத் தட்டில் வைத்தாள்.

"கோடு குறுக்கே கிடக்கு மவளே."

அவள் எடுத்துத் திருப்பி வைத்தாள். மொசியா அட்டையில் கோட்சோ என்று எழுதிக் கட்டினான். கோட்சோ அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"தம்பி, இந்த அட்டை இதுக்குன்னு வாங்கினதா?"

"இல்லை ந்தாதே. நம்ம கடையில இருக்கறதுதான். கால்ல கட்டறது," என்றான் மொசியா, குரல் மாறாமல். "நிறைய கிடக்கு."

தெல்லோ பக்கத்தில் இருந்தும் இந்தத் தடவை சிரிக்கவில்லை. தினேயோ அந்த அட்டையையே பார்த்தாள். அட்டையை மாற்றச் சொல்லலாம். ஆனால் ஓசியில் கொடுத்த அறையில் நின்றுகொண்டு எதைச் சொல்வது? மொசியா கதவைச் சாத்தினான். சின்னப் பித்தளைப் பூட்டு ஒன்றைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"சாயங்காலம் பார்ப்போம்," என்றான் எல்லாரையும் பார்த்துத் தலையைக் குனிந்து.

அந்த வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. நன்றாக நடந்தது என்பதே தினேயோவுக்கு என்னவோ போலிருந்தது. மலேஃபு ஒரு நாள் தவறவில்லை. அவள் சுட்ட ரொட்டியைச் சர்ச் அம்மாளே வீட்டுக்கு வாங்கிப் போனாள். தெல்லோ ஒரு குளியலறைத் தரையைத் தனியாகப் பதித்து முடித்து, அதன்மேல் யாரையும் நடக்கவிடாமல் வாசலில் படுத்துக்கொண்டான் என்று கேள்வி. பாலத்தடியில் மற்றப் பானைக்காரர்கள்கூட ஊசியிடம் வந்து, எங்களுக்கும் தட்டு கிடைக்குமா என்று கேட்டார்கள். அலுவலகத்தில் அவளைப் பாராட்டினார்கள். மற்ற ஊர்க்காரர்களைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்றார்கள்.

கோட்சோதான் ஒரு மாதிரியாகிவிட்டார். காவலுக்கு மூட்டை இல்லை, ஆனாலும் காலையில் அதே எண்ணெய் டின்னில் போய் உட்கார்ந்துகொண்டார். வெறும் தோளோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தால் யாரோ போலிருந்தது. "காத்தைக் காவல் காக்கறார்," என்று பக்கத்துப் பானைக்காரர்கள் கேலி செய்தார்கள். "காத்து ஒண்ணைத்தாண்டா இன்னும் எவனும் திருடலை," என்று பதில் சொன்னாரே தவிர, பழைய சூடு அதில் இல்லை.

வியாழக்கிழமை சூப் வரிசையில் மலேஃபு தினேயோவை ஓரமாக இழுத்தாள்.

"அவர் ராத்திரியில தூங்கறதில்லை அவுசி," என்றாள். அவுசி என்றால் அக்கா.

"இருமலா?"

"இருமல் எப்பவும் இருக்கறதுதானே. போர்வையில அந்த அறை வாசனை அடிக்குதாம். போர்த்தினா யாரோ பக்கத்துல படுத்திருக்கற மாதிரி இருக்காம். நானும் வெயில்ல காயவச்சு எடுக்கலாம்னு பார்த்தா, பகல்ல அது அங்கதானே கிடக்கு."

"நாளை ஒரு நாள்தான் மலேஃபு. நீ தேறிட்டா முதல்ல உங்களுக்கு ஒரு வாடகை அறை பார்த்துடுவேன். கதவோட."

"கதவோட," என்று மலேஃபு ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு சூப்பை ஊதிக் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே தெற்கிலிருந்து காற்று ஆரம்பித்துவிட்டது. மலுட்டி மலையில் பனி விழுகிறது என்று டாக்சிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். மலையில் பனி விழுந்தால் சமவெளியில் கத்தி விழும். காற்று குப்பைத் தாள்களைத் தூக்கித் தைல மரக் கிளைகளில் மாட்டியது. மதியமே வெயில் சாயம் போனது போல ஆகிவிட்டது.

சர்ச் சமையலறைக்குள் மட்டும் வேறு ஊர். அடுப்புச் சூட்டில் ஜன்னல்கள் வியர்த்திருந்தன. சூப்பர் மார்க்கெட்காரர் தடிமனான ஆள், தின்னத் தெரிந்தவர். ஒவ்வொரு ரொட்டியையும் பிய்த்து முகர்ந்து, மென்று, தலையாட்டாமல் நகர்ந்தார். மலேஃபுவின் ரொட்டியில் மட்டும் இரண்டாவது துண்டு பிய்த்தார். தின்று முடித்துவிட்டுத்தான் யார் சுட்டது என்று கேட்டார். திங்கட்கிழமை கடைக்கு வரச் சொன்னார். மலேஃபு ஏப்ரனைக் கழற்றாமலே வாசலுக்கு ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்து வாசற்படியில் குந்தியிருந்த கோட்சோவிடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு சூடான துண்டைக் கையில் வைத்தாள். அவர் தின்றார். தாடையெல்லாம் ஆடியது, கண்ணிலும் நீர் வந்தது.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றார்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த தினேயோ, தான் இத்தனை நாள் ஓடிய ஓட்டமெல்லாம் இந்த ஒரு துண்டுக்குத்தான் என்று நினைத்தாள். நினைத்ததில் ஒன்றும் தப்பில்லை.

சாயங்காலம் ஐவரும் அவளும் பகிசி கடைக்குப் பின்பக்கம் வந்தபோது சூரியன் இறங்கிவிட்டிருந்தது. காற்று நின்றபாடில்லை. அறை பூட்டியிருந்தது. முன்பக்கம் கடையும் பூட்டியிருந்தது. வாசல் காவலாளி கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு வந்தான்.

"மலை கிராமத்துக்கு ஒரு பெட்டி போயிருக்கு. நாளைக்கு அடக்கம், ராத்திரி அங்க ஜெபம். பகிசி ஐயாவும் போயிட்டார், மொசியாவும் போயிட்டான். விட்டுட்டு ஆறு மணிக்கெல்லாம் திரும்பறேன்னுதான் சொன்னான். பனியில ரோட்டை மூடிட்டாங்களாம்."

"சாவி?"

"அவன் சட்டைப் பையில."

தினேயோ மொசியாவைக் கூப்பிட்டாள். பகிசியைக் கூப்பிட்டாள். இரண்டு போனும் எடுக்கவில்லை, மலைக்குள் எங்கே எடுக்கும்? மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டாள். கோட்சோ சுவரோரம் ஒதுங்கி இருமினார். கோட்டு என்று அவர் போட்டிருந்தது ஒரு பழைய சுரங்கச் சீருடை மேல்சட்டை, முழங்கையில் கிழிசல்.

தெல்லோ பையிலிருந்து டைல்ஸ் உளியையும் சுத்தியலையும் எடுத்தான். "ஒரே தட்டு அவுசி. இது பூட்டா, பொம்மை."

"உடைச்சா நான் போலீஸைக் கூப்பிடணும்," என்றான் காவலாளி. அவன் கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

எல்லாரும் தினேயோவைப் பார்த்தார்கள். அவள் பூட்டைப் பார்த்தாள். பாலத்தடி ஆட்கள் சவப்பெட்டிக் கடைப் பூட்டை உடைத்தார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். அறை போகும். இனி ஊரில் எவனும் ஒரு ஆணி அடிக்கக்கூட இடம் தரமாட்டான். போலீஸ் வந்தால் பெயரெழுதுவான். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவளின் பெயரும் அதில் இருக்கும். இப்படியெல்லாம் அவள் மனசு ஒவ்வொன்றாகத் தைத்துக்கொண்டே போனது. நன்றாகத்தான் தைத்தது, எங்கும் பிரியவில்லை.

"வேண்டாம்டா தெல்லோ," என்று கோட்சோதான் முதலில் சொன்னார். "உடைக்காதே. இவ வேலைக்கு வினை வந்துடும். ஒரு ராத்திரிதானே. சுரங்கத்துல ராத்திரி பகல்னு ஒண்ணு உண்டா?"

"அவுசி சொல்லட்டும்," என்றான் தெல்லோ.

"வேண்டாம்," என்றாள் தினேயோ. "மொசியா வந்துடுவான். வந்த உடனே நானே கொண்டு வரேன்."

சர்ச் கூடத்தில் பெண்களை மட்டும் படுக்கவிடுவார்கள், அது அவர்கள் சட்டம். பாலத்தடி ஆட்களை வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது, அது தினேயோவின் அலுவலகச் சட்டம். சட்டம் எல்லாருக்கும் இருந்தது. மலேஃபு போக மாட்டேன் என்றாள். கோட்சோ அதட்டினார். "திங்கக்கிழமை வேலைக்குப் போறவ மூக்கு ஒழுகிக்கிட்டா போவே? ரொட்டியில சளி விழும், போ." தினேயோ தன் இளஞ்சிவப்புக் குளிர்கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டாள். அது அவருக்குப் பாதி முதுகுக்குத்தான் வந்தது.

"இதைப் போட்டுக்கிட்டுச் செத்தா மேலே என்னைப் பொம்பளைங்க வரிசையில நிறுத்திடுவான்," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். தினேயோவும் சிரித்தாள், பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன. மூன்று இளைஞர்களும் கோட்சோவை நடுவில் விட்டுப் பாலத்துப் பக்கம் நடந்தார்கள். இளஞ்சிவப்பு நிறம் தெரு விளக்கைத் தாண்டும்வரை தெரிந்தது.

விடிகிற நேரத்தில் மொசியா போன் செய்தான். இப்போதுதான் ரோட்டைத் திறந்தார்கள், இப்போதுதான் வந்து சேர்ந்தேன், ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றான். வருத்தமாக இருக்கிறது என்று சொல்வது அவன் தொழில், அதனால் அதைக் கேட்டு அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாலத்துக்கு ஓடினாள். புல்லெல்லாம் உறைந்து காலடியில் நொறுங்கியது.

தெல்லோ தூணோரம் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவள் ஓட்டத்தை நிறுத்தினாள்.

"நடுவுலதான் படுக்க வச்சோம் அவுசி. அட்டையெல்லாம் மேல போட்டோம். நெருப்பு நிக்கலை, காத்து அணைச்சுட்டே இருந்துச்சு. இருமினாரு. நாங்க முழிச்சுக்குவோம்னு எழுந்து போயிட்டாரு போலருக்கு. பார்த்தா இங்க உக்காந்திருக்காரு. காவலுக்கு உக்கார்ற மாதிரியே."

எண்ணெய் டின்மேல், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இளஞ்சிவப்புக் கோட்டின் பொத்தானை எல்லாம் போட்டிருந்தார். கண் கொஞ்சம் திறந்திருந்தது. தினேயோ அவர் கையைத் தொட்டாள். பிறகு தொட்ட தன் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

போலீஸுக்குச் சொல்லியாயிற்று, வண்டி வரும்வரை அங்கிருந்து கொண்டுபோகக் கூடாது என்றார்கள். டின்னிலிருந்து இறக்கி அட்டைமேல் படுக்கவைத்தார்கள். மலேஃபுவை யாரோ கூட்டிவந்தார்கள். அவள் கத்தவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு அந்தப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கோட்டை உருவி, மடித்து, தினேயோவிடம் நீட்டினாள். தினேயோ வாங்கிக்கொண்டாள். அதற்குப் பதில் அவள் அடித்திருக்கலாம் என்று தினேயோவுக்குத் தோன்றியது.

"போர்வையை எடுத்துட்டு வரணும்," என்றாள் மலேஃபு.

இருவரும் நடந்தார்கள். மொசியா அறையைத் திறந்துவைத்து வாசலில் நின்றான். சட்டை கசங்கி, பூட்ஸெல்லாம் மலைச் சேறு. விஷயம் அதற்குள் அவனுக்குத் தெரிந்திருந்தது. பூட்டு அவன் கையில் தொங்கியது.

"பூட்டை உடைச்சிருக்கலாமே அவுசி," என்றான் அந்தப் பஞ்சுக் குரலில். நிஜமாகவே கேட்டான், குத்திக் காட்டவில்லை. "பூட்டு என்ன பெரிய காரியம்? இன்னொண்ணு வாங்கிப் போட்டிருப்போம். பகிசி ஐயா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டார்."

நேற்றுச் சாயங்காலம் தினேயோ அத்தனை பார்த்துப் பார்த்துத் தைத்ததெல்லாம் யாரும் கேட்காத சட்டை.

மொசியா உள்ளே போய்த் தெல்லோவின் மூட்டையை எடுத்து வைத்தான். அவன் பெரியப்பா மக்களுடையதை எடுத்து வைத்தான். கோட்சோவின் தட்டருகே போனதும் நின்றான். சோளக்கதிர்ப் போர்வை கோடு நேராக, அட்டையோடு, வைத்த மாதிரியே இருந்தது. போலீஸ் முடித்ததும் அவரை எங்கே கொண்டுவருவார்கள் என்பது மூவருக்கும் தெரியும். ஏழைகளுக்குப் பகிசி ஓசியில்தான் செய்வார்.

"அம்மா," என்றான் மொசியா, ரொம்ப மரியாதையாக. "இது இங்கேயே இருக்கட்டுமா? உங்களுக்கு எதுக்கு இன்னொரு நடை?"

மலேஃபு தட்டருகே போய் நின்றாள்.

"இல்லை தம்பி. எடுத்துக் கொடு. முதல்ல அவர் வரணும். அப்புறம்தான் இது வரணும். அவர் சொன்னாரு, நாங்க கேக்கலை."

போர்வையை வாங்கி, அட்டைக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, அட்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். தினேயோ தூக்கிக்கொள்ளக் கை நீட்டினாள். மலேஃபு கொடுக்கவில்லை.

பாலத்தடியில் போர்வையை விரித்து அவரைக் கழுத்துவரை மூடினாள். முகத்தைத் தன் தலைத்துணியால் மூடினாள். பிறகு எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினாள்.

"ஊர்ல அவர் அண்ணனுக்குச் சொல்லணும். டாக்சி நிலையத்துல அந்தப் பக்கத்துக்காரங்க இருப்பாங்க, சொல்லி அனுப்பறேன். தெல்லோ, நீ கூட வா, எனக்குக் காலு நிக்கலை." தினேயோவைப் பார்த்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவுசி என்று கூப்பிடவில்லை. "தினேயோ. நீ உக்காரு. இன்னிக்குக் காவல் உன் முறை."

அவர்கள் போனார்கள். தினேயோ எண்ணெய் டின்னில் உட்கார்ந்தாள். தகரம் சில்லென்று இருந்தது. பக்கத்துப் பானைக்காரர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள், இன்று யாரும் கேலி பேசவில்லை. காற்று பாலத்துக்கு அடியில் நுழைந்து போர்வையின் ஓரத்தைப் புரட்டியது. கோடு குறுக்கே கோணிக்கொண்டது. அவள் குனிந்து நேராக இழுத்துவிட்டாள். மடியில் இளஞ்சிவப்புக் கோட்டு இருந்தது, போட்டுக்கொள்ளவில்லை. காற்று மறுபடியும் புரட்டியது, மறுபடியும் இழுத்துவிட்டாள். வண்டி வரும்வரை இடத்தை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.